சுவரில் ஏறிய கோடு

கிராஃப் சாருக்கு அன்றைக்கு ஏணியில் ஏறுகிற வேலை இல்லை, இறங்குகிற வேலைதான். கத்தரிக்கோலை வாயில் கவ்விக்கொண்டு, சிவப்பு டேப்பைச் சுவரில் ஒட்டியபடியே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தவர், கடைசியில் தரையில் கால் வைத்துவிட்டார். டேப் இன்னும் முடிந்தபாடில்லை. அது போய் நிற்கவேண்டிய இடத்தில் ஃபேன் சுவிட்ச் இருந்தது.

"சார், அது ஃபேன் சுவிட்ச்," என்றார் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேஷியரம்மா.

"தெரியுதும்மா."

"அது மேல டேப் ஒட்டிட்டா நான் எப்படி ஃபேன் போடுறது?"

"கணக்கு அங்கதான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒரு விரக்கடை தள்ளி ஒட்டுங்க. யாரு அளந்து பாக்கப் போறாங்க."

"ஒரு விரக்கடைன்னா பதினெட்டுக் கோடிம்மா," என்றார் கிராஃப் சார். பிறகு மனசு கேட்காமல், ஃபேனைப் போட்டுவிட்டு சுவிட்சின் மேல் டேப்பை ஒட்டினார். இனி அந்த ஃபேனை நிறுத்த முடியாது.

அது ஒரு சின்ன வங்கி. ஒரே மாவட்டத்துக்குள் பிறந்து, அங்கேயே பத்துப் பன்னிரண்டு கிளை விட்டு, அதற்கு மேல் வளர மனமில்லாமல் நின்றுவிட்டது. பக்கத்து மாவட்டத்தில் அதன் பெயரைச் சொன்னால் மருந்துக் கடையா என்று கேட்பார்கள். அதை ஆரம்பித்த பெரியவர் எந்தப் புத்தகத்தில் படித்தாரோ, ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் பணம் போடுகிற இடத்தில் ஜனங்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டு, தலைமை அலுவலக ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கட்டம் போடச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிவப்பு டேப்பால் அந்தக் கோட்டை நீட்டவேண்டும். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோட்டை நிறுத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. கணக்குப் பிரிவில் நிமிர்ந்து நடக்கத் தெரிந்த ஒரே ஆளான நம்மாளிடம் டேப்பைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவர் கிராஃப் சார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கணக்கு என்னவோ சுலபம்தான். வந்த பணத்தில் போன பணத்தைக் கழி. கட்டடம், நாற்காலி, ஏசி என்று வாங்கியதையும் கழி. மிச்சம்தான் அந்த ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. மளிகைக் கடைக்கு இது சரி. வங்கிக்கு இதைப் போட்டால் கூத்து. யாராவது டெபாசிட் போட்டால் பணம் உள்ளே வருகிறது, கோடு ஏறும். யாருக்காவது கடன் கொடுத்தால் பணம் வெளியே போகிறது, கோடு இறங்கும். கடன் கொடுத்து வட்டி வாங்குவதுதான் வங்கியின் பிழைப்பு. ஆக, பிழைப்பை ஒழுங்காகப் பார்த்தால் கோடு இறங்கும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஏறும்.

இந்த முறை கோடு சுவிட்சில் போய் முட்டியதும் அதனால்தான். வங்கி இருந்த தெருவில் அந்த வருஷம் வரிசையாகக் கடைகள் திறந்தார்கள். தையல் கடை, டயர் கடை, கண்ணாடிக் கடை. எல்லோருக்கும் வங்கி கடன் கொடுத்தது. எல்லோரும் தவணையை ஒழுங்காகக் கட்டினார்கள். பத்து வருஷத்தில் வங்கிக்கு அவ்வளவு நல்ல காலம் வந்ததில்லை.

இதை கிராஃப் சார் ஜெனரல் மேனேஜரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தார்.

"சார், நாம நல்லா இருக்கிறதாலதான் கோடு இறங்குது."

ஜி.எம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இதை நீங்க வாடிக்கையாளர் ஒவ்வொருத்தரையா நிக்க வச்சு சொல்லுவீங்களா?"

"இல்ல சார்."

"பெரிய பேங்க்காரன்கிட்ட சொல்லுவீங்களா?"

பெரிய பேங்க் என்றதும் கிராஃப் சார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். தலைநகரத்திலிருந்து அந்த வங்கியின் ஆட்கள் ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நீல டை கட்டிக்கொண்டு ஹாலை நீள அகலம் அளந்தார்கள், நாற்காலிகளை எண்ணினார்கள், டீயைக் குடிக்காமல் பிஸ்கட்டை மட்டும் சாப்பிட்டார்கள். வங்கியை விழுங்கப் பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"கோடு கீழ போச்சுன்னா நம்மள கோழிக்குஞ்சு மாதிரி தூக்கிட்டுப் போயிடுவான்," என்றார் ஜி.எம். "தலைமை அலுவலகமே இருக்காது. உங்களுக்கு சர்வீஸ் எவ்வளவு ஆச்சு?"

"முப்பது முடிய இன்னும் மூணு வருஷம் சார்."

"முப்பது முடிஞ்சாத்தான் பென்ஷன். நடுவுல கை மாறினா ஒரு தொகையைக் கையில கொடுத்து, போயிட்டு வாங்கன்னுடுவான். அதனால நீங்க புத்திசாலின்னு காட்டிக்கிறத விட்டுட்டுக் கோட்டை ஏத்துற வழியைப் பாருங்க."

ஐம்பத்து மூன்று வயதில் வேலை போனால் எந்தக் கடையில் போய் நிற்பது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் நேராக டேப் ஒட்டுவதுதான். அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் புலம்பித் தீர்த்தார்.

"இருங்க, எனக்குப் புரியல," என்றாள் மனைவி. துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஒரு தலையணை உறையோடு அப்படியே நின்றாள். "அடுத்தவங்க பணத்தை வாங்கி வச்சுக்கிட்டா அது வரவு. நாம யாருக்காவது கொடுத்தா அது செலவு. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"வீட்டுக்கு எதுவும் வாங்காம இருந்தா இன்னும் நல்லது."

"ஆமா."

"அப்ப நம்ம வீட்டுக் கோடு எங்கேயோ இருக்கணுமேங்க. நாம இவ்வளவு பெரிய பணக்காரங்கன்னு எனக்குத் தெரியாமலே போச்சு."

கிராஃப் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. பென்ஷனைப் பற்றிச் சொன்னார். அதற்கு அப்புறம் அவளுக்கும் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஹாலில் கூட்டம் சுவரைப் பார்க்க ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மாதம் தவறாமல் வட்டி வாங்க வருகிறவர், கைத்தடியின் நுனியால் கோட்டைத் தொட்டபடியே சுவிட்ச் வரைக்கும் வந்தார்.

"எங்கப்பா போகுது இது?" என்றார்.

"அது ஒண்ணுமில்ல சார். கடன் நிறைய கொடுத்திருக்கோம், அதான்."

"யார் பணத்தை?"

வாத்தியாரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல கிராஃப் சார் வாயைத் திறப்பதற்குள் அவர் டெபாசிட்டை முடித்துக்கொள்கிற படிவத்தைக் கேட்டு வாங்கிவிட்டார். வாத்தியார் எடுக்கிறாரே என்று அவரிடம் படித்தவர்கள் எடுத்தார்கள். வாத்தியாரிடம் படித்தவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். டெபாசிட் வெளியே போகப் போக கோடு இன்னும் இறங்கியது. அடுத்த மூன்று மாத முடிவில் கிராஃப் சார் ஏணியைத் தேடவே இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடிதண்ணீர் டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு ஒட்டினார்.

ஜி.எம். வந்து குனிந்து பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடியே சொன்னார்: "மறைச்சுடுங்க."

"பெரியவர் மறைக்கக் கூடாதுன்னு..."

"பெரியவர் உங்களுக்குப் பென்ஷன் கொடுப்பாரா?"

ரிக்கார்டு ரூமிலிருந்து ஓர் இரும்பு பீரோவை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து கோட்டின் வால்பக்கத்தை மறைத்து நிறுத்தினார்கள். தரையெல்லாம் கீறல் விழுந்தது. கிராஃப் சாருக்கு ஒரு வாரம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அதற்கப்புறம், பத்து வருஷமாகச் சுவரை ஏறிட்டும் பார்க்காதவர்கள்கூட பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"பின்னால என்ன சார் இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பீரோ வச்சிருக்கீங்க?"

சுவரில் கன்னம் வைத்து யாரோ கொள்ளையடித்துவிட்டார்கள், அந்த ஓட்டையைத்தான் மறைத்திருக்கிறார்கள் என்று டயர் கடையில் பேச்சு கிளம்பியது. தையல் கடைக்கு வருவதற்குள் அதில் சுரங்கப்பாதையும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் நாள் வாசலில் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. கேஷியரம்மா ஒரே நாளில் ஒரு மாதத்துக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தார். அவர் தலைக்கு மேல் ஃபேன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரேயொரு நல்லது நடந்தது. நீல டைக்காரர்கள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. போன் செய்து விசாரிப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

"வரவே இல்லையே சார். விட்டுட்டாங்களோ?" என்றார் கிராஃப் சார், ஓர் ஆசையில்.

"புலி பதுங்குறது பாயறதுக்குத்தான்," என்றார் ஜி.எம். "நாம இன்னும் விழட்டும், அடிமாட்டு விலைக்கு வாங்கலாம்னு காத்துக்கிட்டிருக்கான். விடக் கூடாது. ஒவ்வொரு ஸ்டாஃபும் சொந்தக்காரங்ககிட்ட டெபாசிட் பிடிச்சுட்டு வரணும். ஒரு வருஷம் எடுக்க முடியாத டெபாசிட். நீங்கதான் முதல் ஆளா கொண்டுவரணும்."

கிராஃப் சாருக்குச் சொந்தக்காரர் என்றால் மாமனார்தான். அவர் அச்சகம் நடத்தி, கண் மங்கியதும் மெஷின்களை விற்று, அந்தப் பணத்தை வேறு வங்கியில் போட்டுவைத்து வட்டியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மருமகன் போய் உட்கார்ந்து தொண்டையைச் செருமியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"போடுறேன் மாப்பிள்ளை. உங்களுக்கு இல்லாததா," என்றார். "ஆனா ஒண்ணு. வேன் வாங்க பையன் போட்ட கடன் விண்ணப்பம் எட்டு மாசமா உங்க பேங்க்ல கிடக்கு. அதை முடிச்சுக் கொடுத்துடுங்க."

பையன் என்றால் கிராஃப் சாரின் மச்சினன். ஏசி மெக்கானிக். கைவேலையில் கெட்டிக்காரன். மற்றவரின் கடையில் கூலிக்குத்தான் இருந்தான். சொந்தமாக ஒரு வேனும் கருவிகளும் இருந்தால் பத்து ஊர்களுக்குப் போய் வேலை செய்யலாம் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

"இந்தப் பணத்தையே எடுத்து அவன்கிட்ட கொடுத்திருப்பேன்," என்றார் மாமனார். "அப்புறம் எனக்கும் உங்க அத்தைக்கும் உடம்புக்கு வந்தா யாருகிட்ட கையேந்துறது? இது எங்களுக்கு இருக்கட்டும். அவன் கடன் வாங்கி, உழைச்சு, கட்டட்டும்."

"கையெழுத்துதான் பாக்கி மாமா. நான் இருக்கேன்ல," என்றார் கிராஃப் சார்.

சொல்லும்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார். அந்த மட்டில் அவரை நாம் பொய்யர் என்று சொல்ல முடியாது.

மாமனாரின் ஆயுள் சம்பாத்தியம் வங்கிக்குள் வந்தது. கிராஃப் சார் அதைச் சுவரில் கணக்குப் போட்டுப் பார்த்தார். டேப்பின் கனம்கூட வரவில்லை. ஆனாலும் கேஷியரம்மா தன் தங்கையின் பணத்தைக் கொண்டுவந்தார், வாட்ச்மேன் தன் மகள் சீட்டுப் போட்டு எடுத்ததைக் கொண்டுவந்தார், ஜி.எம். தன் சம்சாரத்தின் பணத்தைக் கொண்டுவந்ததாகச் சொன்னார். எல்லாம் சேர்ந்து டிரம்முக்குப் பின்னாலிருந்து கோடு கொஞ்சம் தலையைத் தூக்கியது. பீரோ திரும்பவும் ரிக்கார்டு ரூமுக்குப் போனது. தரையில் இன்னொரு வரிசைக் கீறல் விழுந்தது.

அன்றைக்கே ஜி.எம். கிராஃப் சாரைக் கூப்பிட்டார்.

"வழி தெரிஞ்சுபோச்சு. இனிமே எந்தக் கடன் விண்ணப்பமும் உங்க மேஜைக்குத்தான் வரும். இது கொடுத்தா கோடு எவ்வளவு இறங்கும்னு நீங்க ஸ்கேல் வச்சு அளந்து எழுதணும். இறங்கும்னா கிடையாது."

"எந்தக் கடன் கொடுத்தாலும் இறங்கத்தானே சார் செய்யும்?"

"அப்ப எந்தக் கடனும் கிடையாது," என்றார் ஜி.எம். "நான் கிடையாதுன்னு சொல்லல, கவனிங்க. உங்க ஸ்கேல்தான் சொல்லுது."

இப்படியாக, பத்து மாவட்டத்தில் எந்த வங்கியிலும் இல்லாத ஒரு வழக்கம் அங்கே வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் கூடுதல் சரக்குக்குக் கடன் கேட்டால் அவருடைய ஆஸ்தி என்ன, அவர் நாணயம் எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. கிராஃப் சார் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு சுவருக்குப் போவார், அளப்பார், உதட்டைப் பிதுக்குவார். அளந்ததை விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதுவார். கடைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கெஞ்சினார்கள், கடைசியில் திட்டிவிட்டுப் போனார்கள்.

மச்சினன் ஒரு புதன்கிழமை வந்தான். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான்.

"மாமா, கையெழுத்து மட்டும்தான் பாக்கின்னு அப்பா சொன்னாரு."

கிராஃப் சார் விண்ணப்பத்தை எடுத்தார். ஸ்கேலை எடுக்கவில்லை. எடுத்தாலும் அளக்க அதில் ஒன்றும் இல்லை. நேராக ஜி.எம். அறைக்குப் போனார்.

"சார், இது டேப்போட கனம்கூட வராது. தலைமுடி அளவுதான். நம்ம வீட்டுப் பையன்."

"இன்னைக்கு உங்க வீட்டுப் பையன் முடி. நாளைக்கு கேஷியரம்மா வீட்டுப் பொண்ணு முடி. எல்லாம் சேர்ந்தா சடை ஆயிடும்," என்றார் ஜி.எம். நிமிராமலே. "ரெண்டரை வருஷம் பொறுங்க. உங்க பென்ஷன் வந்துடட்டும். அப்புறம் பையனுக்கு நீங்களே வாங்கிக் கொடுங்க."

கிராஃப் சார் திரும்பி வந்து உட்கார்ந்தார். மச்சினன் எழுந்து நின்றான். விண்ணப்பத்தின் ஓரத்தில் 'கோடு இறங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் கிராஃப் சார். எழுத்து நேராகத்தான் விழுந்தது.

"எந்தக் கோடு மாமா?" என்றான் மச்சினன்.

அவர் சுவரைக் காட்டினார். அவன் சுவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், படியிறங்கிப் போனான். அடுத்த மாதம் தன் பழைய கருவிப் பெட்டியையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு, எங்கோ ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலைக்குப் போய்விட்டான்.

மாமனார் பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கிக்கே வந்தார்.

"ஒரு வருஷம் எடுக்க முடியாது மாமா. நடுவுல எடுத்தா வட்டியும் போயிடும், முதல்லயும் பிடிப்பாங்க."

"யாரு பிடிப்பாங்க?"

"நாங்கதான்."

"நீங்க நல்லா இருக்கணும் மாப்பிள்ளை," என்றார் மாமனார். அவர் அதை வாழ்த்தாகச் சொல்லவில்லை.

வீட்டில் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். ஒருநாள் சாப்பிட்டு முடித்தவரிடம் மட்டும் கேட்டாள்.

"அவன் மூட்டை தூக்குறதால உங்க கோடு எவ்வளவு ஏறிச்சு?"

"எல்லாம் நமக்காகத்தாண்டி. பென்ஷன் இல்லாம நாளைக்கு உனக்கு மருந்து வாங்க முடியுமா?"

"நான் கேட்டது எவ்வளவு ஏறிச்சுன்னு."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பதில் அவருக்குத் தெரியும். தலைமுடி அளவு.

ஆனால் மொத்தக் கோடு ஏறத்தான் செய்தது. ஏறாமல் என்ன செய்யும்? கொடுப்பது நின்றுவிட்டது, பழைய கடன்காரர்கள் கட்டுவது மட்டும் வந்துகொண்டிருந்தது. அதோடு வாங்குவதையும் ஜி.எம். நிறுத்தினார். நிற்காமல் ஓடிய ஃபேன் ஒருநாள் புகைந்து நின்றது. புதுசு கிடையாது. ஏசி தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அடியில் வாளி வைத்தார்கள். வாளி ஓட்டையானதும் அதற்கும் புதுசு கிடையாது, சொட்டுகிற இடத்தைத் தள்ளி நின்றுகொள்ளச் சொன்னார்கள். நாற்காலிக்குக் கால் உடைந்தால் உடைந்ததைக் கழித்து மற்றதில் இருவராக உட்கார்ந்தார்கள். கேஷியரம்மா டெபாசிட் படிவத்தை மடித்து விசிறிக்கொண்டே பணம் எண்ணினார்.

"உங்க மச்சினன் ஏசி வேலை பார்ப்பாருல்ல சார்? ஒரு தடவை கூப்பிடுங்களேன்," என்றார் ஒருநாள், ஒன்றும் தெரியாமல்.

"அவன் ஊர்ல இல்லம்மா," என்றார் கிராஃப் சார்.

தெருவில் முதலில் தையல் கடை மூடியது. துணி வாங்கிப் போட முதல் இல்லை. பிறகு கண்ணாடிக் கடை. டயர் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, பாதிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு கடை மூட, ஹாலில் கோடு ஒரு கட்டம் ஏறியது. ஏணியை மறுபடி வெளியே எடுத்தார் கிராஃப் சார். முதலில் இரண்டு படி, அப்புறம் நாலு படி. ஏற ஏற ஏணியை இறுக்கிப் பிடித்தார், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வருஷ முடிவில் ஏணியின் உச்சியில் நின்று ஒட்டியபோது டேப் சுவரைத் தாண்டி விட்டத்தில் மடங்கியது. பத்து வருஷக் கோட்டில் அவ்வளவு உயரம் யாரும் பார்த்ததில்லை. பார்க்க ஹாலில் ஆளும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னவர் வந்தார். பெரியவரின் மகன், வங்கியின் தலைவர். வருஷத்துக்கு ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர். இந்த முறை சுவரை அண்ணாந்து பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

"யார் பண்ணது இது?"

ஜி.எம். ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஓர் அடி பின்னால் போய் கிராஃப் சாரைக் காட்டினார். "இவர்தான் சார். ஒவ்வொரு கடனையும் இவர் கையால அளந்து நிறுத்தினார்."

சின்னவர் கிராஃப் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை விடவே இல்லை. "அப்பா இருந்து பார்த்திருக்கணும்," என்றார். கண் கலங்கிய மாதிரிகூட இருந்தது. கிராஃப் சாரைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தித் தன் போனில் படம் எடுத்தார். எடுத்த கையோடு அதை யாருக்கோ அனுப்பினார். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "பார்த்தீங்கள்ல? நான்தான் சொன்னேனே," என்று சிரித்துக்கொண்டே காருக்குப் போய்விட்டார்.

கிராஃப் சாருக்கு மூச்சு வந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த வங்கியில் யாரும் அவர் கையைக் குலுக்கியதில்லை. இனி இரண்டு வருஷம், கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும். பென்ஷன் வந்ததும் முதல் வேலையாக மச்சினனைத் தேடிப் போய்க் கூட்டிவர வேண்டும். வேன் வாங்கிக் கொடுக்க வேண்டும். பழசாக இருந்தாலும் நல்ல வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். மாமனாரின் காலில் விழுந்தால்கூடத் தப்பில்லை. மனைவி திரும்பப் பேசுவாள். முதலில் திட்டுவாள், திட்டட்டும். அதுவும் பேச்சுதானே.

ஜி.எம். அன்று எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொன்னார். கிராஃப் சார் படியிறங்கி வந்தபோது வாசலை ஒட்டி ஒரு சின்ன டெம்போ நின்றிருந்தது. அதில் பழுப்புக் காகிதம் சுற்றிய நீளமான பலகை ஒன்று படுத்திருந்தது. பக்கத்தில் ஒருவர் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்து டீ குடித்தபடி வங்கியின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்துக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் பெயின்ட் கறை. போர்டு எழுதுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது.

சின்னவருக்கு இவ்வளவு சந்தோஷமா, போர்டுக்குக்கூடப் புதுப் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டாரே என்று கிராஃப் சாருக்கு மனசு நிறைந்துபோனது.

"புதுசா எழுதப் போறீங்களா?" என்றார்.

"எழுதி முடிச்சாச்சு சார். மாட்டுறதுதான் பாக்கி. எல்லாரும் கிளம்பட்டும்னு காத்திருக்கேன். திங்கக்கிழமை ஜனங்க வர்றப்ப புதுப் பேரு இருக்கணுமாம்."

"புதுப் பேரா?"

போர்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, டெம்போவுக்குப் போய்க் காகிதத்தை ஒரு முழம் விலக்கிக் காட்டினார். நீல நிறம். தலைநகரத்துப் பெரிய பேங்க்கின் முதல் மூன்று எழுத்து, பளபளவென்று.

கிராஃப் சார் பலகையை விட்டு விலகி வந்தார். போர்டுக்காரர் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். தன் பென்ஷன் போயிற்று என்பது முதலில் உறைக்கவில்லை. கூலிக்கு மூட்டை அடுக்குகிற மச்சினன்தான் கண் முன்னால் வந்தான். சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்தான்.

"பத்தலையே," என்றார் தனக்குத்தானே. "விட்டம் வரைக்கும் போயும் பத்தலையே. இன்னும் கொஞ்சம் ஏத்தியிருக்கணும்."

"எது சார்? உள்ள சுவத்துல இருக்கே, அந்தக் கோடா?" போர்டுக்காரர் காகிதத்தை மறுபடி ஒழுங்காகச் சுற்றிக்கொண்டே கேட்டார். "அதை ஏன் கேக்குறீங்க. போன வருஷம் இந்த போர்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாங்க, நானும் தகடெல்லாம் வாங்கிட்டேன். அப்புறம் கோடு கீழ போயிடுச்சு, காசில்லாத பேங்கை எவன் வாங்குவான்னு சொல்லி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிட்டாங்க. கொடுக்கிறதுக்கு என் சம்சாரத்தோட வளையலை அடகு வச்சேன் சார்."

அவர் டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார்.

"நல்லவேளை, யாரோ ஒரு மகராசன் கோட்டை மறுபடி மேல ஏத்திவிட்டதாலதான் இவங்க வாங்க வந்தாங்க, அவரு யாருன்னு தெரிஞ்சா காட்டுங்க சார், ஒரு கும்பிடு போடணும்."